சம்பளப் பாக்கியோடு வேலையை விடுகிறீர்களா? கையில் காகிதம் இல்லாதவருக்கு எந்த வழி எவ்வளவு தூரம் போகும்

ஜவுளிக்கடை, மருந்துக்கடை, பனியன் கம்பெனி, லேத் பட்டறை, ஐந்தாறு பேர் உட்கார்ந்து வேலை பார்க்கும் சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸ். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட இடங்களில் எத்தனையோ வேலைகள் வாய்ப்பேச்சில்தான் தொடங்குகின்றன. “பதினெட்டாயிரம் தர்றேன், திங்கக்கிழமை வந்துடுங்க” என்பதோடு சரி. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது. வேலை ஓடுகிற வரை இது யாரையும் உறுத்துவதில்லை. “நான் நின்னுக்கறேன்” என்று சொன்ன மறுநாள்தான் முதலாளியின் பேச்சு மாறுகிறது. கடைசி மாதச் சம்பளம் நிற்கும். சேர்ந்தபோது பிடித்து வைத்த பதினைந்து நாள் சம்பளம் நிற்கும். ஓ.டி. கணக்கைப் பற்றிப் பேச்சே இருக்காது. “நோட்டீஸ் கொடுக்காம போறே, அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு” என்று கதவைச் சாத்திவிடுவார்கள்.

அப்போது ஆளுக்கொரு யோசனை வரும். நண்பர் போலீசுக்குப் போகச் சொல்வார், மாமா வக்கீல் நோட்டீஸ் விடச் சொல்வார், கூட வேலை பார்த்தவர் லேபர் ஆபீஸ் என்பார், வீட்டில் “விட்டுத் தொலை” என்பார்கள். ஒவ்வொரு வழியும் எதற்கு உதவும், எங்கே முட்டி நிற்கும் என்று எடை போட்டுப் பார்ப்பதே இந்தக் கட்டுரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோருக்குச் சரியான கதவு தொழிலாளர் துறை அலுவலகம். ஆனால் அந்தக் கதவைத் தட்டுவதற்கு முன், வேலையில் இருக்கும்போதே செய்ய வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. அதைச் செய்தவருக்கு எல்லா வழியும் சுலபமாகிறது. செய்யாதவருக்கு எல்லாமே கடினம்.

ஒப்பந்தம் எழுதாதது எவ்வளவு பெரிய குறை?

பயப்படுகிற அளவுக்கு இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. வேலை நிபந்தனைகள் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருந்தாலும் சரி, நடைமுறையிலிருந்து புரிந்துகொள்ளத்தக்கதாக இருந்தாலும் சரி, கூலிக்கு வேலை செய்பவர் ஊழியரே என்கிறது அதன் வரையறை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை என்று 2020-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் சொல்கிறது. கடிதம் தராமல் விட்டது அவர் தவறு. அதைக் காட்டி உங்கள் சம்பளத்தை மறுக்க அவருக்கு வழியில்லை.

நடைமுறையில் மூன்று கேள்விகள் எழும். நீங்கள் அங்கே வேலை செய்தீர்களா? சம்பளம் எவ்வளவு? கொடுத்தாகிவிட்டதா? இந்த மூன்றையும் நிரூபிக்கும் பாரம் ஒருவர் தலையிலேயே விழுவதில்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

வேலை செய்தேன் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். ஈ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். யு.ஏ.என். பாஸ்புக், வங்கிக் கணக்கில் மாதாமாதம் ஏறிய தொகை, ஜி.பே. வரவு, கடை வாட்ஸ்அப் குழுவில் உங்களுக்கு வந்த உத்தரவுகள், நீங்கள் கையெழுத்திட்ட டெலிவரி சலான், வருகைப் பதிவேட்டின் படம், கூட வேலை பார்த்தவரின் சாட்சி என்று எதுவும் இதற்கு உதவும். எல்லாமே ரொக்கமாகக் கையில் வாங்கியவருக்குக்கூட இதில் இரண்டு மூன்றாவது தேறும்.

சம்பளம் எவ்வளவு என்பதில்தான் சிக்கல். பதினெட்டு என்று நீங்கள் சொல்வீர்கள், பன்னிரண்டுதான் பேசினேன் என்று அவர் சொல்வார். வங்கி வரவு இருந்தால் அதுவே பதில். எதுவும் இல்லாவிட்டாலும் உங்கள் தொகை பூஜ்யமாகிவிடாது. அந்தத் தொழிலுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியமும் அதற்கான பஞ்சப்படியும் இருக்கின்றன. பேசிய சம்பளத்தை நிரூபிக்க முடியாதவர் அந்தத் தொகையையாவது உரிமையோடு கேட்கலாம். முதலாளி சொல்லும் தொகை அதற்கும் கீழே இருந்தால், பேச்சை எடுத்ததே அவருக்குப் பாதகமாகிவிடும்.

கொடுத்தாகிவிட்டதா என்ற மூன்றாம் கேள்வியில் சட்டம் முழுதாக உங்கள் பக்கம் நிற்கிறது. சம்பளம் தரப்படவில்லை என்று மனு வந்தால், தந்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பாரம் முதலாளியுடையது என்று ஊதியத் தொகுப்பின் 59-ஆம் பிரிவு கூறுகிறது. “கையில கொடுத்துட்டேன் சார்” என்று சொன்னால் போதாது. வவுச்சரோ பதிவேடோ காட்ட வேண்டும். இதனால்தான் வெற்று வவுச்சரிலோ தேதி போடாத ரெவென்யூ ஸ்டாம்பின் மேலோ கையெழுத்துப் போடாதீர்கள் என்று தொழிற்சங்கத்தார் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

கடிதம் கொடுப்பதற்கு முன்

நான் மேலே சொன்ன காரியம் இதுதான். ராஜினாமாவை வாயால் சொல்வதற்கு முன்பே, பாக்கித் தொகையை முதலாளியின் அல்லது மேனேஜரின் வாயாலேயே எழுத்தில் வரவழைத்துவிடுங்கள். கோபமாக வேண்டாம், கணக்குக் கேட்கிற தோரணையில் போதும். வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி:

“ஐயா வணக்கம். நான் 2024 மார்ச் முதல் நம்ம கடையில் பில்லிங் பார்த்து வருகிறேன். பேசிய மாதச் சம்பளம் 18,000. ஜூன் சம்பளம் இன்னும் வரவில்லை. சேரும்போது பிடித்த 15 நாள் சம்பளம் 9,000 உங்களிடம் உள்ளது. நான் வாங்கிய அட்வான்ஸ் 5,000. கணக்கு சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள் ஐயா.”

இதற்கு “சரிப்பா, அடுத்த வாரம் பாக்கலாம்” என்று பதில் வந்தால், நியமனக் கடிதம் இல்லாத குறை பெருமளவு தீர்ந்தது. எப்போது சேர்ந்தீர்கள், என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எவ்வளவு பாக்கி ஆகிய நான்கும் ஒரே பதிலில் அடங்கிவிடுகின்றன. வேலையை விட்ட பிறகு இதே செய்தியை அனுப்பினால் நீல டிக் விழும், பதில் வராது. அந்தச் செய்தி இருக்கும் கைப்பேசியை விற்கவோ ஃபார்மேட் செய்யவோ வேண்டாம். மின்னணுச் சாட்சியத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். மூலச் செய்தி அதே கருவியில் இருந்தால் அது எளிது.

செய்தியில் அட்வான்ஸையும் குறிப்பிட்டதைக் கவனித்திருப்பீர்கள். நமக்குப் பாதகமான தொகையை நாமே கழித்துக் காட்டும் கணக்கை அதிகாரிகள் நம்புகிறார்கள். ஜூலை 12 வரை வேலை செய்துவிட்டு நின்றவரின் கணக்கைப் பாருங்கள். ஜூன் 18,000, ஜூலை 12 நாளுக்கு 7,200, பிடித்து வைத்தது 9,000, ஆக 34,200. அட்வான்ஸ் 5,000 போக 29,200. இந்த ஒரு எண்ணைத்தான் எல்லா இடத்திலும் சொல்ல வேண்டும். ஓரிடத்தில் முப்பது, இன்னோரிடத்தில் நாற்பது என்று சொன்னால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். ஐந்து ஆண்டு முடித்தவர் கிராஜுவிட்டியையும், போனஸுக்கு உரியவர் அதையும் தனி வரியாக எழுதலாம். சம்பளத்தோடு கலக்க வேண்டாம்.

ராஜினாமாவும் எழுத்தில் இருக்கட்டும். மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ ஸ்பீட் போஸ்ட்டோ எதுவாகவும் இருக்கலாம். கடைசி வேலை நாள் எது என்று தெளிவாக இருக்க வேண்டும். ஊதியத் தொகுப்பின் 17-ஆம் பிரிவின்படி, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளத்தைத் தீர்க்க வேண்டும். 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் இந்த இரண்டு நாள் கணக்கு முதலாளி வேலையை விட்டு நீக்கினால் மட்டும்தான் இருந்தது. தானாக விலகுகிறவரைப் பற்றி அது பேசவில்லை. இப்போது அந்த வேறுபாடு போய்விட்டது. “செட்டில்மென்ட் நாற்பத்தஞ்சு நாள் ஆகும்” என்று ஹெச்.ஆர். சொல்வது வெறும் பழக்கம்தான்.

நோட்டீஸ் காலம் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மிரட்டல் எப்போதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. எழுதிய ஒப்பந்தம் இல்லாத இடத்தில், “ஒரு மாத நோட்டீஸ் கொடுக்காததால் ஒரு மாதச் சம்பளம் பிடிப்பேன்” என்பதற்கு முதலாளி எந்த நிபந்தனையைக் காட்டுவார்? காகிதம் இல்லாதது இங்கே அவருக்குத்தான் இடைஞ்சல். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நீக்க ஒரு மாத நோட்டீஸ் கேட்கிறது. அது முதலாளி மேல் சுமத்திய கடமை. நிலையாணைகள் (ஆலையின் எழுதப்பட்ட பணி விதிகள்) பொருந்தும் பெரிய ஆலைகளில் மட்டும் தொழிலாளியும் நோட்டீஸ் கொடுக்க வேண்டிய விதி இருக்கலாம், அங்கே வேலை செய்பவர்கள் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றவர்களும் முடிந்தால் பதினைந்து நாளாவது முன்கூட்டிச் சொல்லிவிட்டு விலகுவது நல்லது. கட்டாயம் என்பதால் இதைச் சொல்லவில்லை. பிறகு மனு விசாரணையில் உங்கள் நேர்மையைக் காட்ட அது உதவும்.

பேசித் தீர்ப்பதும் வக்கீல் நோட்டீசும்

பேசிப் பார்ப்பதில் செலவில்லை. ஆனால் அதற்கு ஒரு கெடு வேண்டும். எழுத்தில் கணக்கு அனுப்பிவிட்டு, பதினைந்து நாள் பார்க்கலாம். அதற்கு மேல் “வர்ற வெள்ளிக்கிழமை”, “ஆடி முடியட்டும்”, “பார்ட்டி பணம் வரட்டும்” என்று தள்ளிக்கொண்டே போவார்கள். மாதங்கள் ஓடும், சாட்சி சொல்ல வேண்டிய சக ஊழியரும் வேறு ஊருக்குப் போய்விடுவார்.

வக்கீல் நோட்டீஸ் சில இடங்களில் நன்றாக வேலை செய்கிறது. பெயருக்கு மதிப்புக் கொடுக்கும் கிளினிக், பள்ளி, முதலீட்டாளரிடம் பணம் வாங்கி நடத்தும் ஸ்டார்ட்-அப் போன்றவை நோட்டீஸ் வந்தவுடன் தங்கள் வக்கீலைக் கேட்கும். அவர் கொடுத்துத் தீர்த்துவிடச் சொல்வார். பழகிப்போன முதலாளிகளிடம் அது செல்லாது. நோட்டீசைப் படித்து மடித்து வைத்துவிடுவார்கள், அடுத்த அடியை எடுத்து வைக்க இவருக்கு வசதி இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். பாக்கி பத்தாயிரத்துக்குள் என்றால் நோட்டீசுக்குத் தரும் கட்டணமே அதில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். அதற்குப் பதில் நீங்களே தெளிவான தமிழில் ஒரு கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் சேர்ந்த விவரத்தையும் எடுத்து வைத்தால் போதும்.

லேபர் ஆபீஸ்: இரண்டு விதமான மனு

இங்கே சற்று நின்று பேச வேண்டும். லேபர் ஆபீசுக்குப் போயும் ஒன்றும் நடக்கவில்லை என்று சலித்துக்கொள்கிறவர்கள் பலரும் கொடுத்தது ஒரு விதமான மனு, கொடுத்திருக்க வேண்டியது இன்னொரு விதம்.

முதலாவது புகார் மனு. “எனக்குச் சம்பளம் தரவில்லை, வாங்கித் தாருங்கள்” என்று எழுதிக் கொடுப்பது. அதிகாரி முதலாளியை அழைப்பார், இருவரையும் உட்கார வைத்துப் பேசுவார். இதன் பலத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். முதலாளி கணக்குப் போடுவது உங்கள் 29,200 ரூபாயை மட்டும் இல்லை. ஆய்வாளர் கடைக்கு வந்து வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு, மற்ற ஊழியர்களின் குறைந்தபட்ச ஊதியம் எல்லாவற்றையும் பார்க்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதைத்தான் நினைக்கிறார். அதனால் சின்னத் தொகைகள் இந்த மேசையிலேயே தீர்ந்துவிடுகின்றன. ஆனால் முதலாளி வராமலே இருந்தாலோ, வந்து மறுத்தாலோ, பேச்சுவார்த்தை அத்தோடு நின்றுவிடும். சமரசம் பேசும் அதிகாரியால் பணம் கொடு என்று உத்தரவிட முடியாது.

இரண்டாவது, ஊதியத் தொகுப்பின் 45-ஆம் பிரிவின் கீழ் உரிமைக்கோரிக்கை. இது வழக்கு போன்றது. இதை விசாரிக்கும் அதிகாரிக்குச் சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் அதிகாரம் உண்டு. பாக்கியைத் தீர்மானிப்பதோடு, அதைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்கலாம். பத்து மடங்கு உச்சவரம்பு மட்டுமே, அதை நம்பிக் கனவு காண வேண்டாம். ஆனால் பேச்சுவார்த்தையில் அந்த எண்ணுக்கு ஒரு கனம் உண்டு. உத்தரவுக்குப் பிறகும் பணம் வராவிட்டால் மாவட்ட ஆட்சியருக்கு வசூல் சான்றிதழ் போகும், நிலவரிப் பாக்கியை வசூலிப்பது போல வசூலிக்கப்படும். மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளும் என்று எண்ணிக்கொள்வதே விவேகம்.

மனுவைக் கொடுக்கும்போது தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் இதைத் தெளிவாகக் கேளுங்கள்: “இது சமரசத்துக்கான மனுவா, ஊதியக் கோரிக்கை மனுவா? கோரிக்கையை விசாரிக்கும் அதிகாரி யார்?” மாவட்டத்துக்கு மாவட்டம் அது வேறு மேசையாக இருக்கலாம். மனு நகலில் தேதி முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம். வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் உறுப்பினராக இருக்கும் பதிவு பெற்ற தொழிற்சங்கமும் உங்களுக்காக மனுப் போடலாம்.

பழைய சட்டத்துக்கும் புதியதற்கும் இடையே தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு மாற்றங்கள் உண்டு. பழைய சம்பளப் பட்டுவாடாச் சட்டம் மாதம் 24,000 ரூபாய் வரை வாங்குவோருக்கே பொருந்தியது. அதற்கு மேல் வாங்கியவர்கள் வெளியே நின்றார்கள். புதிய தொகுப்பில் அந்த வரம்பு இல்லை. மேற்பார்வை, நிர்வாகப் பணி செய்பவரும் ஊழியரே. மாதம் ஐம்பதாயிரம் வாங்கிய சாஃப்ட்வேர்க்காரரும் இந்தக் கதவைத் தட்டலாம். அடுத்தது கெடு. முன்பு 12 மாதம், இப்போது மூன்று ஆண்டு. ஆனால் உங்கள் பாக்கி 2025 நவம்பர் 21-க்கு முந்தைய மாதங்களைச் சேர்ந்தது என்றால் பழைய கெடுவை வைத்து எதிர்த்தரப்பு வாதாடக்கூடும். அதனால் எல்லோரும் ஓராண்டுக்குள் மனுப் போட்டுவிடுவதே பத்திரம்.

செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், லோடிங் என்று கான்ட்ராக்டர் மூலம் வேலை செய்தவர்கள் கான்ட்ராக்டரை மட்டும் எதிர்த்தரப்பாகப் போடுவது பெரிய இழப்பு. கான்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால், யாருக்காக அந்த வேலை நடந்ததோ அந்த நிறுவனமே தர வேண்டும் என்பது பழைய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலும் இருந்தது, புதிய தொகுப்புகளிலும் இருக்கிறது. கான்ட்ராக்டர் அலுவலகத்தைக் காலி செய்துவிட்டுப் போகலாம். மருத்துவமனையும் மாலும் எங்கும் போகாது. இரண்டு பேரையும் சேர்த்தே மனுவில் எழுதுங்கள். வேலை செய்த இடம் வங்கி, ரயில்வே, பெருந்துறைமுகம் போன்றது என்றால் அது மத்திய அரசின் வரம்பு. சென்னை நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் உள்ள மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

லேபர் கோர்ட், சிவில் கோர்ட்

லேபர் கோர்ட் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின் 33-சி(2) மனு. இப்போது 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்பில் அதற்கு இணையான பிரிவு உண்டு. ஏற்கெனவே நிலைநாட்டப்பட்ட உரிமையைப் பணமாகக் கணக்கிட்டுத் தருவது இதன் வேலை. சம்பள விகிதமே தகராறில் இருந்தால் இந்த மனுவில் அதைத் தீர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1994-லேயே, தில்லி மாநகராட்சி தொடர்பான வழக்கில், சொல்லிவிட்டது. காகிதம் இல்லாதவருக்கு விகிதம்தான் தகராறு. எனவே வேலைநீக்கம், மீண்டும் வேலை, முந்தைய தீர்ப்பின்படி பாக்கி ஆகியவற்றுக்கு லேபர் கோர்ட் சரி. இரண்டு மாதச் சம்பளத்துக்கு அது சுற்று வழி.

சிவில் வழக்கைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. லேபர் ஆபீஸ் வேண்டாம், நேராக முன்சீப் கோர்ட்டில் பணம் கேட்டு வழக்குப் போடலாம், இரண்டில் எது பிடிக்கிறதோ அது என்று நினைக்கிறார்கள். ஊதியத் தொகுப்பின் கீழ் கேட்டிருக்கக் கூடிய சம்பளத்துக்கு சிவில் வழக்கை எந்த நீதிமன்றமும் ஏற்கக் கூடாது என்று அந்தத் தொகுப்பே தடை போட்டிருக்கிறது. பழைய சட்டத்திலும் இதே தடை இருந்தது. தெரியாமல் வழக்குப் போட்டுச் சில ஆண்டுகள் கழித்து “இது இங்கே வராது” என்ற தீர்ப்பு வாங்கினால், இழந்த காலம் திரும்பாது.

அப்படியென்றால் சிவில் கோர்ட் யாருக்கு? ஊழியர் என்ற வரையறைக்குள் வராதவருக்கு. ஃப்ரீலான்ஸராக, கன்சல்டன்ட்டாக மாதாமாதம் பில் கொடுத்துப் பணம் வாங்கியவர், ஊதியம் என்ற கணக்கில் சேராத கமிஷன் பாக்கி உள்ள விற்பனையாளர் போன்றோருக்கு இதுதான் வழி. ஆசிரியர்கள் நிலை தனிச் சிக்கல். ஆசிரியர் தொழிலாளி என்ற வரையறைக்குள் வர மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 1988-இல் சுந்தரம்பாள் வழக்கில் தீர்ப்பளித்தது. அதனால் லேபர் கோர்ட் அவர்களுக்கு மூடிய கதவு. தனியார் பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் எந்த மனுவையும் போடுவதற்கு முன் ஒரு வக்கீலிடமோ சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ கேட்டுக்கொள்வது அவசியம். பி.எட். முடித்துவிட்டு மாதம் சில ஆயிரங்களுக்கு வகுப்பெடுக்கும் நம் ஆசிரியைகள் ஒரு கட்டடத் தொழிலாளிக்கு இருக்கும் பாதுகாப்புக்கூட இல்லாமல் நிற்பது என்னை மிகவும் வருத்துகிற விஷயம்.

சிவில் வழக்கில் கெடு மூன்று ஆண்டு. தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம். 29,200-க்கு 876 ரூபாய்தான். உண்மையான செலவு வக்கீல் கட்டணமும் வாய்தாக்களுக்காக நீங்கள் போடும் லீவும். விரைவாக முடியும் சுருக்க வழக்கு என்று ஒன்று உண்டு. ஆனால் அது எழுதிய ஒப்பந்தம், பிராமிசரி நோட்டு, காசோலை ஆகியவற்றின் அடிப்படையில் வரும் கடனுக்கே பொருந்தும். வாய்ப்பேச்சு வேலைக்கு அந்தக் குறுக்குவழி இல்லை.

காசோலை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். செட்டில்மென்ட்டாக முதலாளி காசோலை கொடுத்து அது திரும்பிவிட்டால் மனம் உடைய வேண்டாம். உங்கள் நிலை பலமடங்கு உயர்ந்துவிட்டது. வங்கி திருப்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து நோட்டீஸ், அவருக்கு 15 நாள் அவகாசம், அதன்பின் ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின் கீழ் குற்றவியல் புகார். இந்த மூன்று கெடுவில் ஒன்றைக்கூடத் தவற விடக் கூடாது.

இலவச சட்ட உதவியும் மக்கள் நீதிமன்றமும்

பலரும் யோசிக்காத வழி இது. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, தாலுகா அளவில் வட்ட சட்டப் பணிகள் குழு. வழக்குப் போடுவதற்கு முன்பே இங்கே மனுக் கொடுத்தால் எதிர்த்தரப்பை அழைத்துப் பேசுவார்கள். உடன்பாடு ஏற்பட்டு மக்கள் நீதிமன்றத்தில் பதிவானால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. கட்டணமும் இல்லை. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோர் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வக்கீலுக்கு உரியவர்கள். தொலைபேசி எண் 15100. எதிர்த்தரப்பு வராவிட்டால் கட்டாயப்படுத்த முடியாது என்பதே இதன் குறை. நீதிமன்ற வளாகத்திலிருந்து வரும் கடிதத்துக்கு வராமலிருக்கத் தயங்கும் முதலாளியிடம் இது பலிக்கும், மற்றவரிடம் பலிக்காது.

காவல் நிலையம்

சம்பளப் பாக்கிக்கு மட்டும் காவல் நிலையம் போவதை நான் பரிந்துரைப்பதில்லை. “இது சிவில் விவகாரம்” என்று திருப்பி அனுப்புவார்கள். அல்லது யாரோ ஒருவர் நடுவில் உட்கார்ந்து பாதித் தொகைக்குப் பேசி முடித்து, மீதிக்கு உரிமையில்லை என்று எழுதி வாங்கிவிடுவார்கள். முதலாளி பதிலுக்குத் திருட்டுப் புகார் கொடுக்கும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் வேலையை விடும் நாளில் சாவி, லேப்டாப், சிம், கல்லாக் கணக்கு எல்லாவற்றையும் ஒப்படைத்து, ஒப்படைத்ததைப் படமெடுத்து, செய்தியாகவும் அனுப்பிவிட வேண்டும்.

போலீசுக்குப் போக வேண்டிய சமயங்கள் வேறு. அடித்தார்கள், மிரட்டினார்கள், விடுதியில் பூட்டி வைத்தார்கள், அசல் சான்றிதழைத் தர மறுக்கிறார்கள் என்றால் தயங்காமல் போங்கள். சம்பளத்தில் பி.எஃப். பிடித்துவிட்டு அலுவலகத்தில் கட்டாமல் விட்டதும் நம்பிக்கை மோசடிக் குற்றமாகக் கருதப்படும். அதை முதலில் பி.எஃப். அலுவலகத்தின் குறைதீர்ப்புத் தளத்தில் பதிவு செய்யுங்கள். மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது (மனு பெற்றதற்கான காவல் நிலைய ஒப்புகைச் சீட்டு) வாங்காமல் நிலையத்தை விட்டு வர வேண்டாம்.

முதல்வரின் முகவரி 1100, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாள் இரண்டும் உங்கள் மனுவைக் கடைசியில் லேபர் ஆபீசுக்கே அனுப்பும். ஏற்கெனவே கொடுத்த மனு நகராமல் கிடந்தால் தள்ளிவிட அவை பயன்படும்.

யார் எதை எடுப்பது

திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைத்தவர், தி.நகரில் ஜவுளிக்கடையில் நின்றவர், ஹோட்டல் சர்வர் ஆகியோர் முதலில் எழுத்தில் கணக்கு, பதினைந்து நாள் கெடு, பிறகு நேராக லேபர் ஆபீஸ் என்று போகலாம். ஒரே இடத்தில் மூன்று நான்கு பேருக்குப் பாக்கி என்றால் தனித்தனியாகப் போகாதீர்கள். சேர்ந்து போனால் ஒருவருக்கு மற்றவர் சாட்சி. முதலாளியும் “இவன் ஒருத்தன்தான் பிரச்சினை” என்று சொல்ல முடியாது. வெளி மாநிலத்திலிருந்து வந்து வேலை செய்தவர்கள் ஊருக்கு ரயிலேறும் முன்பே மனுவைப் போட்டுவிட வேண்டும். ஊருக்குப் போனபின் இங்கே விசாரணைக்கு வந்துபோகும் செலவே பாக்கியைத் தாண்டிவிடும்.

அலுவலக வேலைக்காரர்களுக்குக் கவலை பணத்தைவிட ரிலீவிங் லெட்டரில்தான் இருக்கிறது. “லெட்டர் வேணும்னா பாக்கியை விட்டுடு” என்று பேரம் பேசுவார்கள். லெட்டரையும் பாக்கியையும் ஒரே மின்னஞ்சலில் கேளுங்கள். பி.எஃப். பிடித்திருந்தால் யு.ஏ.என். கணக்கிலேயே நீங்கள் வேலை செய்த காலம் தெரியும். கடைசிச் சந்தா செலுத்திய இரண்டு மாதத்துக்குப் பிறகு விலகிய தேதியை நீங்களே பதிவு செய்துகொள்ளலாம். புது இடத்தில் அதைக் காட்டி, வங்கி வரவையும் சேர்த்து விளக்கினால் ஏற்கிற நிறுவனங்கள் நிறைய உண்டு. இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்குகிற அளவுக்கு அந்தக் கடிதம் விலை உயர்ந்தது இல்லை என்பது என் கருத்து.

பாக்கி மிகச் சிறியது, உதாரணமாக நான்கு நாள் கூலி என்றால், எழுத்தில் ஒரு கடிதமும் லேபர் ஆபீசில் ஒரு புகார் மனுவும் போதும். வசூலாகாவிட்டாலும் அந்த மனு அலுவலகக் கோப்பில் இருக்கும். அடுத்து அதே கடையிலிருந்து வருகிறவருக்கு அது துணை.

எந்த வழியில் போனாலும் கடைசியில் ஒரு காகிதம் நீட்டப்படும். “அனைத்துப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன், இனி எந்த உரிமையும் இல்லை” என்று அதில் இருக்கும். பணம் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்க்காமல் அதில் கையெழுத்துப் போட வேண்டாம். ஒரு பகுதிதான் தருகிறார்கள், அவசரத்துக்கு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வாங்கிக்கொள்ளுங்கள்; கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே “இன்று ரூ. 12,000 மட்டும் பெற்றேன், மீதி ரூ. 17,200 பாக்கி” என்று தேதியோடு எழுதி, அந்தத் தாளைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.